திருச்சி ஏஜென்ட் சொல்லும் ‘சிங்கப்பூர் யுனிவர்சிட்டி’க்குப் பணம் கட்டும் முன்

பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். பிளஸ் டூ முடித்திருக்கிறார், கம்ப்யூட்டர் படிக்க ஆசை. சிங்கப்பூரில் என்யூஎஸ், என்டியூ, எஸ்எம்யூ மூன்றில் எதற்குப் பேர் அதிகம், எது படிப்பில் கெட்டி என்பது முதல் கேள்வி. சாப்பாடு எப்படி, வெயில் எப்படி, பெண் பிள்ளை தனியாக இருக்கலாமா என்பது அடுத்தது. கடைசியில் ஒரு வரி: “திருச்சியில் ஒரு ஏஜென்ட், இந்த மூன்றுக்கும் காத்திருக்க வேண்டாம், வேறொரு சிங்கப்பூர் யுனிவர்சிட்டியில் உடனே சீட் வாங்கித் தருகிறேன், இரண்டே வருடத்தில் டிகிரி, பார்ட் டைம் வேலை பார்த்து ஃபீஸ் கட்டிவிடலாம் என்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் முதல் தவணை கட்டச் சொல்கிறார்.”

தங்கச்சி, உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தக் கடைசி வரிதான். நான் மன்னார்குடிக்காரன். 2005 ஜனவரியில், பதினெட்டு வயதில், இதே மாதிரி ஒரு ஏஜென்ட் பேச்சை நம்பித்தான் இந்தச் சிங்கப்பூருக்கு வந்து இறங்கினேன். அப்பா அரை ஏக்கர் நஞ்சையை விற்றுக் கட்டிய பணம். ‘யுனிவர்சிட்டி’ என்றுதான் சொன்னார்கள். வந்து பார்த்தால் ஒரு பழைய கடைத்தொகுதியின் மூன்றாவது மாடியில் இரண்டு வகுப்பறை, ஒரு வரவேற்பு மேசை, மேசைமேல் பிளாஸ்டிக் பூச்சாடி. கீழ்த்தளத்தில் தையல் கடையும் பணம் மாற்றும் கடையும். நூலகம் எங்கே என்று கேட்டேன். ஒரு அலமாரியைக் காட்டினார்கள். அதற்குப் பூட்டு போட்டிருந்தது.

ஐந்து மாதம் அங்கே உட்கார்ந்தேன். ஆசிரியர் வந்தால் வருவார். ஒரு திங்கட்கிழமை காலை மாடி ஏறிப் போனால் கண்ணாடிக் கதவில் சங்கிலி. ஒரு வெள்ளைத் தாளை செலோடேப் போட்டு ஒட்டியிருந்தார்கள், நாலே வரி. எங்களோடு படித்த வியட்நாம் பையன் ஒருவன் அந்தத் தாளைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. மாணவர் அனுமதி கல்லூரியோடு கட்டப்பட்டது. கல்லூரி போனால் அனுமதியும் போகும். ஊருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அன்று முழுக்கத் தேக்காவில், நம் ஆட்கள் கூடும் லிட்டில் இந்தியா பகுதியில், சுற்றிக்கொண்டிருந்தேன்.

அங்கே என்னைப் பிடித்து உட்கார வைத்து விசாரித்தவர் ஒரத்தநாட்டு அண்ணன் ஒருவர். ஜூரோங் பக்கம் கப்பல் பட்டறையில் வெல்டர். தேநீர் வாங்கிக் கொடுத்தார், முழுக் கதையையும் கேட்டார், ஊருக்குப் போன் போட்டு அப்பாவிடம் அவரே பேசினார். விமான டிக்கெட்டுக்குக் குறைந்த இருநூறு வெள்ளியையும் (சிங்கப்பூர் டாலர்) அவர்தான் போட்டார். அப்போது அது அவருக்கு எத்தனை நாள் ஓவர்டைம் என்று நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது. சனி ஞாயிறு விருந்துகளில் நம் ஐடி ஆட்கள் சிலர், “ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கமே போக முடியவில்லை, ஒரே லேபர் கூட்டம்” என்று பேசும்போது நான் எழுந்து வெளியே போய்விடுவேன். அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான் என்னைக் காப்பாற்றி ஊருக்கு அனுப்பினார். பணத்தை வாங்கி ஏமாற்றிய ஏஜென்டோ நன்றாக உடுத்தி, நன்றாக ஆங்கிலம் பேசியவர். அவரும் தமிழர்தான்.

சரி, இப்போது நிலைமை எவ்வளவோ மாறிவிட்டது, அதையும் சொல்ல வேண்டும். 2009இல் தனியார் கல்விச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு கல்லூரிகள் பதிவு செய்தாக வேண்டும், வெளிநாட்டு மாணவரைச் சேர்க்க எடுடிரஸ்ட் என்ற தரச் சான்றிதழ் வேண்டும், நாம் கட்டும் பணத்துக்குப் பாதுகாப்பு ஏற்பாடு இருக்க வேண்டும். பல தனியார் நிலையங்கள் ஒழுங்காகவே நடக்கின்றன. பிரிட்டன், ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களின் பட்டத்தை இங்கேயே படிக்க வைக்கிற நல்ல இடங்களும் உண்டு. ஆனால் அங்கே உங்கள் பட்டத்தில் இருக்கப்போவது அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயர், சிங்கப்பூரின் பெயர் இல்லை. ‘சிங்கப்பூர் யுனிவர்சிட்டி’ என்று ஏஜென்ட் சொன்னால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்: பட்டம் கொடுப்பது யார்?

இங்கே அரசு ஆதரவில், தன்னாட்சியோடு நடப்பவை ஆறே ஆறு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் (என்யூஎஸ்), நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் (என்டியூ), சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம் (எஸ்எம்யூ), சாங்கி எக்ஸ்போ பக்கம் இருக்கும் தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகம் (எஸ்யூடிடி), பொங்கோலுக்குப் போயிருக்கும் எஸ்ஐடி என்ற சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகம், அப்புறம் சமூக அறிவியல் பல்கலைக்கழகம். ஏஜென்ட் சொன்ன பெயர் இந்த ஆறில் இல்லையென்றால் அது தனியார்.

இரண்டு வருட டிகிரி பற்றி. சில தனியார் இடங்களில் பாடங்களை நெருக்கி வைத்து அப்படி முடிக்க முடியும். பொய் என்று சொல்ல மாட்டேன். பார்ட் டைம் வேலை என்பதுதான் பெரிய பொய். இந்த ஆறு பல்கலைக்கழகங்களில் முழுநேரம் படிக்கும் வெளிநாட்டு மாணவர் படிப்பு நடக்கும் காலத்தில் வாரம் 16 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். தனியார் கல்லூரி மாணவர்களில் பெரும்பாலோருக்கு அந்த அனுமதியே கிடையாது. மாட்டினால் பாஸை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். என் அறையில் இருந்த ஒரு தம்பி உணவகத்தில் இரவு பாத்திரம் கழுவப் போனான். கல்லூரி மூடுவதற்கு முன்பே அவன் கதை முடிந்துவிட்டது. அப்போது அவன் அனுப்பப்பட்டதைப் பார்த்த பிறகும் இன்று நம் ஆட்களே, “அதெல்லாம் யாரும் பார்க்க மாட்டார்கள்” என்று புதிதாக வருபவர்களிடம் சொல்வதைக் கேட்கிறேன். எனக்குக் கோபம் வரும்.

படித்து முடித்து வேலைக்குப் போகும்போதும் இது தொடரும். பட்டதாரி வேலைக்கு வரும் வெளிநாட்டவருக்கான அனுமதி எம்ப்ளாய்மென்ட் பாஸ். 2023 செப்டம்பரிலிருந்து அதற்கு காம்பஸ் என்று ஒரு புள்ளி முறை வைத்திருக்கிறார்கள். 40 புள்ளி வேண்டும். கல்வித் தகுதிக்கு மட்டும் 20 வரை கிடைக்கும். உயர்ந்த இடத்திலிருந்து பட்டம் வாங்கியிருந்தால் 20, மற்றப் பட்டங்களுக்கு 10. நான் சொன்ன ஆறு பல்கலைக்கழகங்களும் அந்த 20இல் வந்துவிடும். பட்டத்தைச் சரிபார்த்த சான்றும் கொடுக்க வேண்டும். ஒரே நிறுவனத்தில் ஒரே நாட்டுக்காரர்கள் அதிகம் இருந்தால் வேறொரு பிரிவில் புள்ளி குறையும் என்பதால், இந்தியர்கள் நிறைந்த ஐடி கம்பெனிகளில் நம் பிள்ளைகளுக்கு அந்தக் கல்விப் புள்ளி ரொம்ப முக்கியம்.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். நான் அதற்குப் பிறகு ஊரில் பொறியியல் முடித்து, சென்னையில் இரண்டு வருடம் வேலை பார்த்து, 2011இல் வங்கிக் கடன் வாங்கி என்டியூவில் எம்எஸ்சி சேர்ந்தேன். 2012இலிருந்து சிப் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. வருடா வருடம் எல்லாப் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளும் இன்டர்ன்ஷிப்புக்கு எங்களிடம் வருகிறார்கள். பத்து வருடத்துக்கு மேல் பார்த்ததில் சொல்கிறேன்.

பேர் என்று பார்த்தால் என்யூஎஸ்தான், அதில் சந்தேகம் வேண்டாம். 1905இல் மருத்துவப் பள்ளியாகத் தொடங்கிய இடம். 2026 கியூஎஸ் தரவரிசைப் பட்டியலில் உலகப் பல்கலைக்கழகங்களில் 8ஆவது. என்டியூ 12ஆவது. இந்த நாலு இடத்து வித்தியாசத்துக்காக இங்கே இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் நடத்தும் சண்டை இருக்கிறதே, பிறந்தநாள் விழாவில் கேக் வெட்டுவதற்குள் இரண்டு அப்பாக்கள் முகம் திருப்பிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். வேலைக்கு எடுக்கிற மேசையில் அப்படி யாரும் பார்ப்பதில்லை. கம்ப்யூட்டருக்கு என்யூஎஸ் பிள்ளைகள் அடிப்படைக் கணக்கில், அல்காரிதத்தில் கெட்டி. ஆனால் அங்கே போட்டி கடுமை. மற்றவர்களோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடும் பெல் கர்வ் முறையைச் சொல்லிச் சொல்லியே நொந்துபோன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஊரில் முதல் மதிப்பெண் வாங்கியவர்கள் மட்டுமே நிறைந்த வகுப்பில் நடுவில் நிற்பது எப்படி இருக்கும் என்று முதலிலேயே மனத்தைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள்.

எஸ்எம்யூ 2000இல் வந்தது, நகரத்து நடுவில் பிராஸ் பாசாவில் இருக்கிறது. சின்ன வகுப்பு, வாய் திறந்து பேசினால்தான் மதிப்பெண். அங்கிருந்து வரும் பிள்ளைகள் முதல் நாளே மேலாளரிடம் நிமிர்ந்து பேசும். வணிகத்தோடு சேர்ந்த கம்ப்யூட்டர் பிடிக்கும் என்றால் அருமையான இடம். மருத்துவம், இயற்பியல் எல்லாம் இல்லாததால் பொதுப் பட்டியலில் பின்னால் தெரியும், அதைப் பார்த்து ஒதுக்காதீர்கள். எஸ்யூடிடி அமெரிக்காவின் எம்ஐடியோடு சேர்ந்து தொடங்கியது, 2012இல் முதல் மாணவர்கள். கையால் செய்து பார்க்கப் பிடித்தவர்களுக்கு அது. எஸ்ஐடி பிள்ளைகள் படிப்போடு வேலையும் பார்த்தவர்கள், இயந்திரத்தைத் தொடப் பயப்பட மாட்டார்கள். எங்கள் பிரிவில் நான் எடுத்ததிலேயே சிறந்த இருவரில் ஒருவர் எஸ்ஐடி. சமூக அறிவியல் பல்கலைக்கழகம் உங்களுக்கு வேண்டியதில்லை, ஆனால் அங்கே தமிழில் பட்டம் படிக்கலாம் என்பது எனக்குச் சந்தோஷமான விஷயம்.

என்டியூவை நான் தூக்கிப் பிடிப்பேன், அது என் இடம். பொறியியல், பொருளறிவியல் இரண்டிலும் எந்த நாட்டோடும் நிற்கும். கம்ப்யூட்டரும் இன்று அதற்குச் சளைத்ததில்லை. அங்கே இன்னும் எம்ஆர்டி ரயில் போகவில்லை. பூன் லேயில் இறங்கி 179 அல்லது 199 பேருந்து பிடிக்க வேண்டும். 2005இல் ஊருக்குக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் அந்த ஒரத்தநாட்டு அண்ணன் என்னை அந்த 179இல்தான் ஏற்றிவிட்டார். “ஒரு நிஜமான காலேஜைப் பார்த்துட்டுப் போடா” என்றார். மழை பெய்து விட்டிருந்தது. பேருந்து உள்ளே போகப் போக இரண்டு பக்கமும் மரங்கள், புல்சரிவு, ஈரப் பையோடு ஓடுகிற பிள்ளைகள். நூலக வாசலில் நின்று கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன். அடுக்கடுக்காகப் புத்தகம், எந்த அலமாரிக்கும் பூட்டு இல்லை.

பிறகு அங்கேயே படிக்க வந்தபோது அந்த இடத்தின் கதையைத் தேடிப் படித்தேன். பழைய நன்யாங் பல்கலைக்கழகம் 1950களில் சீன சமூகம் காசு சேர்த்துக் கட்டியது. வியாபாரிகள் மட்டுமில்லை, ரிக்‌ஷா மிதித்தவர்களும் ஒரு நாள் வருமானத்தைக் கொடுத்திருக்கிறார்கள். அதே காலத்தில் தமிழ் முரசு நாளிதழை நடத்திய கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டினார், என்யூஎஸுக்கு முன்னோடியான மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் நிலைக்க வேண்டும் என்று. உழைக்கிற ஜனம் கொடுத்த காசு இந்த ஊர்ப் பல்கலைக்கழகங்களின் அடியில் இருக்கிறது. புதிதாக வந்தவர்களில் பலருக்கு இது தெரிவதே இல்லை, உள்ளூர்த் தமிழர்களைப் பார்த்து, “இவங்க தமிழ் சரியில்லை” என்று மட்டும் சொல்லத் தெரிகிறது. நீங்கள் வந்தால் அப்படிச் சொல்லாதீர்கள். என்யூஎஸ் தமிழ்ப் பேரவையிலும் என்டியூ தமிழ் இலக்கிய மன்றத்திலும் அந்தப் பிள்ளைகள்தான் ராத்திரி பகலாக நின்று நிகழ்ச்சி நடத்துகிறார்கள். முதல் வாரமே போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள்.

பணம் பற்றி ஒன்று. இளநிலைப் படிப்புக்குக் கல்வி அமைச்சின் கட்டண மானியம் உண்டு. வெளிநாட்டு மாணவர் அதை எடுத்தால் படித்து முடித்து மூன்று வருடம் சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை பார்ப்பதாக ஒப்பந்தம் போட வேண்டும். பாதியில் விட்டால் பணத்தை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். அப்பாவை உட்கார வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். விண்ணப்பத்துக்கு ஏஜென்ட் தேவையே இல்லை, பல்கலைக்கழக இணையதளத்தில் நீங்களே போடலாம். கல்வியாண்டு பெரும்பாலும் ஆகஸ்டில் தொடங்கும். இந்த வருடத் தேதி தாண்டிவிட்டதென்றால் ஊரில் ஒரு நல்ல கல்லூரியில் சேருங்கள், எம்எஸ்சிக்கு வாருங்கள். நான் அப்படித்தான் வந்தேன். ஆறு வருடம் தள்ளிப் போனது, ஆனால் இரண்டாவது முறை வந்தபோது சாங்கியில் குடிநுழைவு அதிகாரி முன்னால் கை நடுங்கவில்லை.

சாப்பாடு கிடைக்கும், வெயில் நம் ஊர் வெயில்தான், கூடக் கொஞ்சம் புழுக்கம். பெண் பிள்ளை ராத்திரி பதினொரு மணிக்கு நூலகத்திலிருந்து ஹாஸ்டலுக்கு நடந்து வரலாம். என் மனைவி அப்படித்தான் படித்தாள்.

அந்த ஒரத்தநாட்டு அண்ணன் இப்போது ஊரில் இருக்கிறார். பொங்கலுக்குப் போகும்போதெல்லாம் போய்ப் பார்ப்பேன். இருநூறு வெள்ளியைத் திருப்பிக் கொடுக்க மூன்று தடவை முயற்சி செய்தேன், வாங்கவில்லை. போன வருடம், “யாராவது பையன் கேட்டா சொல்லிக்கொடு, அது போதும்” என்றார்.

ஏஜென்ட் கொடுத்த தாளைப் படம் எடுத்து அனுப்புங்கள் தங்கச்சி. கல்லூரிப் பெயர், பதிவு எண், பட்டம் கொடுப்பது யார் என்ற மூன்றும் தெளிவாகத் தெரிய வேண்டும். பார்த்துச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை எதுவும் கட்ட வேண்டாம். அவர் போன் பண்ணி அவசரப்படுத்தினால், அண்ணன் ஒருத்தர் சிங்கப்பூரில் விசாரித்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்லுங்கள்.