டைக்குள் சிக்கிய தோட்டாக் கூடு

கேள்வி: மூன்று ஆண்டுகளாக .38 ஸ்பெஷல் கைத்துப்பாக்கித் தோட்டாக்களை வீட்டிலேயே மறுநிரப்பி வருகிறேன். அண்மையில் .308 வின்செஸ்டர் வேட்டைத் துப்பாக்கி வாங்கினேன். அதன் காலிக் கூட்டை, சுட்டதில் விரிந்த உடலை மறுபடி அளவுக்கு நெரிக்கும் அச்சான டைக்குள் வழக்கம்போலச் செலுத்தியபோது பாதி வழியில் இறுகிக்கொண்டது. நெம்புகோலை இழுத்ததில் கூட்டின் விளிம்பே பிய்ந்துவிட்டது. நான் செய்த தவறு என்ன? எந்த வெடிமருந்தை எத்தனை கிரெயின் (மருந்தை நிறுக்கும் சிறு எடை அலகு) இடலாம் என்பதையும் கூறுங்கள்.
– வாசகர், ஆஸ்டின், டெக்சஸ்

பதில்: அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்ப மத்திய அரசின் உரிமம் தேவையில்லை, விற்பதானால் தேவை. இந்தியாவிலோ 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதே குற்றம். ஆகவே ஊரிலிருந்து இதைப் படிப்பவர்கள் செய்முறையாகக் கொள்ள வேண்டாம்.

உங்கள் முதல் தவறு எண்ணெய் பூசாதது. .38 ஸ்பெஷலின் கூடு நேர்க்குழாய். அதற்கான டையில் உள்ள கார்பைடு வளையம் பித்தளையைப் பற்றிக்கொள்வதில்லை. கழுத்து குறுகிய .308 கூட்டுக்கான டையோ பெரும்பாலும் வெறும் எஃகு. கூட்டின் உடல் முழுவதையும் ஒரே சமயத்தில் நெரிக்கும். உடலில் மெல்லிய பூச்சும், கழுத்தின் உட்புறம் ஒரு தடவலும் போதும். உடல் கழுத்தாகக் குறுகும் சரிவான தோளில் எண்ணெய் தேங்கினால் அது நகர இடமின்றிப் பித்தளையில் குழி விழச் செய்யும். சிக்கிய கூட்டைச் சுத்தியலால் தட்ட வேண்டாம். அடிப்பாகத்தில் துளையிட்டு, மரையிட்டு, போல்ட்டால் இழுத்தெடுக்கும் சிறு கருவி கடைகளில் கிடைக்கும்.

எண்ணெய்க் குறை உடனே தெரிந்துவிடும். டையை அளவுக்கு மீறி இறக்கும் தவறோ நான்கைந்து முறை சுட்ட பிறகுதான் வெளிப்படும். உங்கள் .38 தோட்டா, துப்பாக்கியில் அது அமரும் அறைக்குள், தன் அடி விளிம்பில் நிற்கிறது; .308 தோட்டாவோ தன் தோளில் நிற்கிறது. டையை, கூட்டின் அடியைப் பிடித்திருக்கும் ஷெல் ஹோல்டரில் தொடும் வரை இறக்கி, மேலும் கால் சுற்றுத் திருகும்படி சொல்லும் குறிப்பைப் பின்பற்றினால் பல துப்பாக்கிகளில் தோள் தேவைக்கு மேல் பின்னுக்குப் போய்விடும். பிறகு சுடும்போது துப்பாக்கியின் சுடும் ஊசி தோட்டாவை முன்னே தள்ள, மெல்லிய முன்சுவர் அழுத்தத்தால் உப்பி அறையின் சுவரைப் பற்றிக்கொள்ள, தடித்த அடிப்பாகம் மட்டும் பின்வாங்கி, அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டில் மோதுகிறது. இடைப்பட்ட பித்தளை ஒவ்வொரு முறையும் இழுபட்டு மெலிகிறது. என் கூடு ஒன்று ஐந்தாம் முறையில் இரண்டானது. அடிப்பாகம் வெளியே வந்தது, மீதி அறைக்குள்ளேயே தங்கிவிட்டது. அன்று கண்ணாடி அணிந்திருந்தேன்.

ஆகவே டையின் சுற்றுகளை எண்ணாமல் தோளை அளக்கப் பழகுங்கள். வெர்னியர் காலிப்பரில் பொருத்தும் ஒப்பளவுக் கருவியால், உங்கள் துப்பாக்கியில் சுட்ட கூட்டை முதலில் அளந்துகொண்டு, டையை உயரத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாக இறக்கி, தோள் அங்குலத்தின் ஆயிரத்தில் இரண்டு பங்கு, அதாவது லேத் பட்டறைக்காரர் சொல்லும் இரண்டு 'தௌ', பின்வாங்கியதும் நிறுத்துங்கள். போல்ட்டைக் கையால் இயக்கும் துப்பாக்கிக்கு இது போதும்; தானியங்கித் துப்பாக்கிக்கு மூன்று நான்கு தேவைப்படும். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை வளைத்து, கூட்டின் உட்சுவரில் அடிப்பாகத்துக்குச் சற்று மேலே தடவிப் பாருங்கள். நுனி ஒரு பள்ளத்தில் தட்டினால் அந்தக் கூட்டை நசுக்கி எறிந்துவிடுங்கள்.

பித்தளை கழுத்துப் பக்கமும் வளரும். நீளம் 2.015 அங்குலத்தைத் தாண்டினால் கூட்டின் வாய் அறையின் முனையில் நெரிபட்டுக் குண்டை விடாமல் பிடித்துக்கொள்ளும், அழுத்தம் எகிறும். 2.005க்கு வெட்டி, வாயின் பிசிறை நீக்குங்கள்.

மருந்தின் அளவை நான் எழுதப்போவதில்லை. இத்தோட்டாவுக்கு அமெரிக்கத் தர அமைப்பான சாமி (SAAMI) விதித்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. குண்டோ, கூடோ, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரோ மாறினால் கணக்கும் மாறும். மருந்து நிறுவனத்தின் கையேட்டை வாங்கி, அதிலுள்ள தொடக்க அளவிலிருந்தே ஆரம்பியுங்கள். மேசையில் ஒரு நேரத்தில் ஒரே மருந்துப் புட்டிதான் இருக்க வேண்டும்.

கேள்வி: இராணுவ மிச்சமாக வாங்கிய ஐரோப்பியக் கூடுகளில் பழைய பிரைமரை வெளியே தள்ளும் டையின் ஊசி உடைந்துபோகிறதே, ஏன்?
– அதே வாசகர்

பதில்: அவை பெர்டான் வகைக் கூடுகள். உள்ளே விளக்கடித்துப் பாருங்கள்: நடுவில் ஒற்றைத் துளை இருந்தால் பாக்சர், ஓரமாக இரண்டு சிறு துளைகள் இருந்தால் பெர்டான். நடுத்துளை இல்லாததால் ஊசி திடமான பித்தளையில் குத்தி முறிகிறது. பெர்டான் அமெரிக்கர், பாக்சர் ஆங்கிலேயர். ஆனால் அமெரிக்கா பாக்சரைப் பிடித்துக்கொண்டது, ஐரோப்பாவின் பல படைகள் பெர்டானை எடுத்துக்கொண்டன. அந்தக் கூடுகளைப் பழைய பித்தளை விலைக்குப் போட்டுவிடுங்கள்.