விரிசல் எந்த இடத்தில் விழுந்தது?

கேள்வி: ஐயா, நான் செந்தூலில் இருக்கிறேன். என் மைவி காடிக்குப் பாடிகிட் (காரின் தோற்றத்தை மாற்றும் வெளிப்பாகங்கள்) போட, நண்பரின் அண்ணன் நடத்தும் பட்டறையில் கொடுத்தேன். முன் பம்பர், இரண்டு பக்கமும் கதவுக்குக் கீழே ஸ்கர்ட், பின்னால் சக்கரத்துக்கு மேலே அகலமான ஃபைபர் (கண்ணாடி நார்) ஃபெண்டர். ஃபெண்டர் மட்டும் கோடே தெரியாமல் காடியோடு ஒன்றாகச் சேர வேண்டும் என்று சொன்னேன். "கம்பெனியிலிருந்து வந்த மாதிரி இருக்கும்" என்று வாட்ஸ்அப்பில் எழுதினார். 7,200 வெள்ளி கொடுத்தாகிவிட்டது. நாலே மாதத்தில் இரண்டு ஃபெண்டரிலும் சேர்ந்த இடம் நெடுக முடி போல விரிசல். வெயிலில் பார்த்தால் முன் பம்பரின் நிறமும் கொஞ்சம் வேறாகத் தெரிகிறது. கேட்டால், "ஃபைபர்னா வெடிக்கத்தான் செய்யும், ரசீதைப் பாருங்க" என்கிறார். செய்த வேலைக்குப் பொறுப்பில்லை என்று ரசீதின் அடியில் மலாயில் அச்சடித்திருக்கிறது. காடிக்கு இன்னும் வங்கித் தவணை கட்டுகிறேன். தெரிந்தவர் மேல் வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. முதலில் அந்த ரசீதைப் பற்றிய பயத்தை விடுங்கள். மலேசியாவின் 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குத் தரும் உரிமையை ஒரு ரசீதின் அடியில் நாலு வரி அச்சடித்து யாரும் பறிக்க முடியாது. அந்தச் சட்டத்தின் 6-வது பிரிவே அதைச் சொல்கிறது. வேலையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்து தர வேண்டும் என்பது 53-வது பிரிவு. எதற்காக அந்த வேலை என்று நீங்கள் முன்கூட்டியே சொல்லியிருந்தால் அதற்குப் பொருந்துமாறு செய்ய வேண்டும் என்பது 54. கோடு தெரியக் கூடாது என்று நீங்கள் சொன்னதும், அவர் எழுதிய பதிலும் உங்கள் கைப்பேசியில் இருக்கின்றன. அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள்.

"ஃபைபர் வெடிக்கும்" என்ற பேச்சுக்கு வருகிறேன். உங்கள் வழக்கே இதில்தான் நிற்கிறது. விரிசல் ஃபைபரின் நடுவில் இருந்தால் பொருள் சரியில்லை என்று பேசலாம், காடி எதிலாவது இடித்திருக்கும் என்று அவரும் பேசலாம். உங்களுக்கு விழுந்திருப்பது இரும்பும் ஃபைபரும் சேரும் இடத்தில், அதுவும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. வெயிலில் இரும்பும் ஃபைபரும் ஒரே அளவு விரிவதில்லை, ஓடும்போது அதிர்வு வேறு. அதனால்தான் தெரிந்த ஆள், சேரும் இடத்தில் பெயிண்டை முழுக்கச் சுரண்டி இரும்பைத் தெரிய வைத்து, பேனல் (காடியின் வெளித்தகடு) ஒட்டும் பசையால் இணைத்து, மேலே கண்ணாடி நார் விரித்துப் பிசின் பூசி, கடைசியில்தான் மெல்லிசாகப் புட்டி (பள்ளம் நிரப்பும் பசை) போடுவார். ஸ்குரூவில் முடுக்கிவிட்டு இடைவெளியைப் புட்டியால் நிரப்பி மூடினால் அன்றைக்குக் கண்ணாடி போல வழவழப்பாகத்தான் இருக்கும், சில மாதத்தில் அந்தக் கோட்டிலேயே பிளக்கும். அந்தப் பிளவுக்குக் காரணம் ஃபைபர் அல்ல, அதைச் சேர்த்த விதம்.

ஒரு சின்ன காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவுப் பக்கத்து இரும்பிலிருந்து விரிசலை நோக்கி மெதுவாக நகர்த்திப் பாருங்கள். விரிசலுக்கு வெகு முன்பே பிடி விட்டுப்போனால் அங்கே புட்டி தடிமனாக இருக்கலாம். இது உங்களுக்கு ஓர் அடையாளம், அவ்வளவுதான். சாட்சியாக வேண்டியது இன்னொரு பட்டறையின் எழுத்து. பழுது பார்க்கும் விலையை மட்டும் எழுதி வாங்காமல் "காரணம் இது" என்று ஒரு வரியும், முத்திரையும் கேட்டு வாங்குங்கள். இப்போதைக்குச் சோதனை மட்டும் போதும், யாரையும் பழுது பார்க்க விடாதீர்கள்.

நிறப் பிரச்சினையை முன்னால் வைக்காதீர்கள். பம்பருக்குப் புதுப் பெயிண்ட் அடிக்கும்போது பக்கத்துப் பேனலிலும் நிறத்தைப் படிப்படியாகக் கரைத்துவிட்டு, அந்தப் பேனல் முழுதும் கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) அடிக்க வேண்டும். அவர் அதைச் செய்யாமல் விட்டிருக்கலாம். ஆனால் புதுக் காடியிலேயே பிளாஸ்டிக் பம்பரும் இரும்பும் லேசாக வேறு நிறம் காட்டுவதுண்டு. அதனால் விரிசலே முதல் புகார், நிறம் இரண்டாவது.

சட்டத்தின் 60-வது பிரிவுப்படி, சரிசெய்யக்கூடிய குறையாக இருந்தால் முதலில் அவருக்கே ஒரு வாய்ப்புத் தர வேண்டும். மலாயில் ஒரு கடிதம் எழுதி, 14 நாள் கெடு கொடுத்து, பதிவுத் தபாலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். மறுத்தாலோ இழுத்தடித்தாலோ வேறு இடத்தில் சரிசெய்து, நியாயமான செலவை அவரிடம் கேட்கலாம். அப்புறம் பயனீட்டாளர் நடுவர் மன்றம், நம்மவர்கள் திரிபுனல் என்பார்களே, அங்கே மனு. கட்டணம் 5 வெள்ளிதான். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே விசாரிப்பார்கள். மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். வக்கீல் வைக்க முடியாது, நீங்களே பேசுவீர்கள். 7,200-ஐயும் திருப்பிக் கேட்காதீர்கள் என்பது என் யோசனை. ஸ்கர்ட்டில் குறை எதுவும் நீங்கள் சொல்லவில்லை, அதற்கும் சேர்த்துக் கேட்டால் உங்கள் பேச்சின் எடை குறையும்.

நண்பரின் அண்ணன் என்ற தயக்கம் எனக்குப் புரிகிறது. 7,200 வெள்ளி சேர்க்க உங்களுக்கு எத்தனை மாதம் ஆனது என்று நினைத்துப் பாருங்கள். செய்த வேலையைச் சரிசெய்து கொடுங்கள் என்று கேட்பது உறவை முறிப்பதாகாது. கடிதம் போவதற்கு முன் ஒரு தடவை நேரில் போய், "அண்ணே, இதைப் பாருங்க" என்று காட்டிவிட்டு வாருங்கள்.

உங்கள் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. தவணை முடியும் வரை காடி வங்கிக்குச் சொந்தம், வாடகைக் கொள்முதல் ஒப்பந்தங்களில் அனுமதியில்லாமல் மாற்றம் செய்யக் கூடாது என்ற நிபந்தனை வழக்கமாக இருக்கும். எடுத்துப் படியுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுதித் தெரிவியுங்கள். காப்புறுதியில் தனியாகச் சேர்க்காவிட்டால் விபத்தில் பாடிகிட்டுக்குப் பணம் கிடைக்காது. ஃபெண்டருக்காக உள்ளே இரும்பை வெட்டியிருந்தாலோ சக்கரத்தை அகலமாக்கியிருந்தாலோ ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) விதிகளும் குறுக்கே வரும். என்ன செய்தார் என்று அவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

இன்றைக்கே விரிசலை நல்ல வெளிச்சத்தில், பக்கத்தில் ஓர் அடிக்கோலை வைத்துப் படம் எடுங்கள். எடுத்த பிறகு அதன் மேல் தெளிவான டேப் ஒட்டுங்கள். மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி இரும்பு துருப்பிடித்தால், தடுக்கக்கூடியதைத் தடுக்காமல் விட்டீர்கள் என்று அந்த நட்டத்தை உங்கள் தலையில் கட்டிவிடுவார்கள்.