9 சென்ட் வைரப் பங்கில் 10,000 டாலர் போடலாமா?

கேள்வி: டொராண்டோவில் வசிக்கிறேன். வடமேற்குப் பிரதேசத்தில் வைரம் தேடும் ஒரு சிறு நிறுவனத்தின் பங்கு 9 சென்டுக்குக் கிடைக்கிறது. டயாவிக் வைரச் சுரங்கத்துக்கு அருகே நிலம், வைரம் இருக்கக்கூடிய கிம்பர்லைட் பாறை கிடைத்துவிட்டது, அதில் நுண்வைரங்களும் இருக்கின்றன என்று செய்தி வெளியிட்டிருக்கிறார்கள். என் டி.எஃப்.எஸ்.ஏ. (வரியில்லாச் சேமிப்பு) கணக்கில் 10,000 டாலர் இருக்கிறது. முழுவதையும் இதில் போடு என்கிறார் மச்சான். போடலாமா?

பதில்: முழுவதையும் போடாதீர்கள். போடுவதாக இருந்தாலும் அந்தக் கணக்கிலிருந்து வேண்டாம்.

மச்சானுக்கு இந்த ஆசை வந்ததற்குக் காரணம் இருக்கிறது. சக் ஃபிப்கி, ஸ்டூவர்ட் பிளஸ்ஸன் என்ற இரண்டு புவியியலாளர்கள் பல வருடம் தேடியலைந்த பிறகு, 1991 நவம்பரில் அதே வடமேற்குப் பிரதேசத்தின் லாக் டி கிரா பகுதியில் 59 கிலோ பாறை மாதிரியில் 81 சிறு வைரங்கள் கிடைத்ததாக அறிவிப்பு வந்தது. அவர்களுடைய டயா மெட் நிறுவனத்துக்கு அந்தத் திட்டத்தில் 29 சதவீதம், கூட்டாளியான பெரிய சுரங்க நிறுவனம் பி.எச்.பி.க்கு 51 சதவீதம். 1998இல் அங்கே எகாட்டி சுரங்கம் திறந்தது. 2001இல் பி.எச்.பி. டயா மெட்டையே வாங்கிக்கொண்டது. அதற்கு முந்தைய ஆண்டு பெரிய வைர நிறுவனமான டி பியர்ஸ், ஸ்னாப் லேக் வைரப் படிவைக் கண்டுபிடித்த வின்ஸ்பியர் என்ற சிறு நிறுவனத்தைச் சுமார் 30 கோடி கனடிய டாலருக்கு வாங்கியது. இந்தச் சிறு நிறுவனங்களின் பங்கை ஆரம்பத்திலேயே வாங்கி வைத்திருந்தவர்கள் நிஜமாகவே நல்ல காசு பார்த்தார்கள்.

ஆனால் எங்கே காசு பார்த்தார்கள் என்று கவனியுங்கள். பெரிய நிறுவனம் வந்து வாங்கிய இடத்தில். வின்ஸ்பியர் பங்குதாரர்கள் 2000இலேயே காசை வாங்கிக்கொண்டு வெளியேறினார்கள். ஸ்னாப் லேக் சுரங்கம் 2008இல் திறந்து 2015 டிசம்பரில் மூடப்பட்டது. அந்த நஷ்டம் டி பியர்ஸின் தலையில் விழுந்தது. யாரும் வாங்க வராமல் தானே சுரங்கம் கட்டிய ஸ்டோர்னவே நிறுவனத்தைப் பாருங்கள். கியூபெக்கின் ரெனார்ட் திட்டம் அது. முதல் கிம்பர்லைட் கிடைத்தது 2001இல், உற்பத்தி தொடங்கியது 2016இல். வைரம் இருந்தது, சுரங்கமும் ஓடியது. ஆனால் கற்கள் ஆலையில் உடைந்தன, விற்ற விலை திட்டமிட்டதைவிட மிகவும் குறைந்தது. 2019 செப்டம்பரில் கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்டார்கள். கடன் கொடுத்தவர்கள் சுரங்கத்தை எடுத்துக்கொண்டார்கள், பங்குதாரர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. புதிய உரிமையாளர்களும் 2023இல் நிறுத்திவிட்டார்கள்.

வாங்க ஆள் வந்தாலும் விலை முக்கியம். பாஃபின் தீவில் சிட்லியாக் திட்டத்தை வைத்திருந்த பெரெக்ரின் நிறுவனத்தை டி பியர்ஸ் 2018இல் பங்குக்கு 24 சென்ட் கொடுத்து வாங்கியது. கண்டுபிடிப்புச் செய்தி சூடாக இருந்த நாட்களில் டாலர் கணக்கில் விலை கொடுத்தவர்கள் அந்த 24 சென்டோடு போனார்கள்.

சரி, இன்று யார் வாங்குவார்கள்? என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது இதுதான். பி.எச்.பி. 2013இல் எகாட்டியை விற்று வைரத் தொழிலை விட்டே போய்விட்டது. இன்னொரு பெரிய சுரங்க நிறுவனமான ரியோ டின்டோ 2020இல் ஆஸ்திரேலியாவின் ஆர்கைல் சுரங்கத்தை மூடியது. அதனுடைய டயாவிக்கும் ஆயுளின் கடைசிக்கு வந்துவிட்டது. டி பியர்ஸை விட்டு விலகப்போவதாக அதன் தாய் நிறுவனம் ஆங்லோ அமெரிக்கன் 2024 மே மாதம் சொன்னது. அதன் மதிப்பை 2025 பிப்ரவரியில் 290 கோடி அமெரிக்க டாலர் குறைத்துப் பதிவு செய்தது. ஆய்வகத்தில் தயாரித்த வைரங்கள் நகைக்கடைகளை நிறைத்ததும் இதற்கு ஒரு காரணம். முன்பு சிறு நிறுவனங்களை வாங்கிய பெரியவர்களே வெளியேறும்போது, உங்கள் 9 சென்ட் பங்குக்கு எந்தக் கதவு திறக்கும் என்று மச்சானைக் கேளுங்கள்.

இனி அந்தச் செய்திக்கு வருவோம். டயாவிக்குக்கு அருகே என்பதற்குப் பெரிய மதிப்பில்லை. எகாட்டி நிலத்தில் மட்டும் 150க்கும் மேற்பட்ட கிம்பர்லைட்டுகள் கிடைத்தன; வெட்டி எடுக்கத் தகுந்தவை ஒரு கைப்பிடிதான். நுண்வைரம் என்றால் சில நூறு கிலோ பாறையைக் காரத்தில் கரைத்து, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவு வரை சலித்து எடுப்பது. பெரிய கற்கள் இருக்கக்கூடும் என்பதற்கான குறிப்பு மட்டுமே அது. அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான டன் பாறையை எடுத்துச் சோதிக்க வேண்டும். தங்கத்துக்கு உலகச் சந்தை விலை இருக்கிறது. வைரத்தில் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு விலை. சில ஆயிரம் காரட் கையில் வந்தால்தான் நம்பத்தக்க சராசரி விலை சொல்ல முடியும். 1994இல் ட்லி க்வி சோ என்ற கிம்பர்லைட்டில் இந்தப் பெரிய மாதிரியின் முடிவு ஏமாற்றியபோது, அதில் பங்கிருந்த சிறு நிறுவனங்களின் விலை சட்டென்று சரிந்தது.

இதற்கெல்லாம் காசு வேண்டும், சிறு நிறுவனத்துக்கு வருமானம் கிடையாது. அதனால் புதுப் பங்கு வெளியிட்டுக்கொண்டே இருப்பார்கள். 10 கோடிப் பங்கு இருக்கும் நிறுவனம் இன்னும் 5 கோடி வெளியிட்டால், உங்கள் பாகம் மூன்றில் ஒன்று குறைந்துவிடும். வடமேற்குப் பிரதேசத்தின் கஹ்ச்சோ குவே வைரத் திட்டத்தில் 1995இல் கிம்பர்லைட் கிடைத்தது, 2016இல்தான் சுரங்கம் திறந்தது. 21 வருடத்தில் எத்தனை முறை புதுப் பங்கு வரும் என்று யோசியுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆசை இருந்தால், கனடிய நிறுவனங்களின் அறிக்கைகள் வெளியாகும் செடார் பிளஸ் தளத்தில் அந்த நிறுவனத்தின் கடைசிக் காலாண்டு அறிக்கையை எடுங்கள். கையிருப்புப் பணத்தை மாதச் செலவால் வகுத்துப் பாருங்கள். ஒரு வருடத்துக்குக் குறைவாக வந்தால் அடுத்த பங்கு வெளியீடு பக்கத்தில் இருக்கிறது. அது முடியும்வரை காத்திருங்கள். எத்தனை வாரன்ட்கள் (குறித்த விலையில் புதுப் பங்கு வாங்கும் உரிமை) நிலுவையில் இருக்கின்றன, எந்த விலையில் என்றும் பாருங்கள். 10 சென்டில் ஏராளமான வாரன்ட்கள் இருந்தால், விலை அதைத் தாண்டும்போதெல்லாம் விற்பனை வந்து கீழே தள்ளும். அப்புறம், நிர்வாகிகள் சொந்தக் காசில் பங்கு வாங்குகிறார்களா என்று, நிர்வாகிகளின் பங்கு வர்த்தகம் பதிவாகும் செடி தளத்தில் தெரிந்துகொள்ளலாம்.

அத்தனையும் போனாலும் வீட்டுச் செலவு பாதிக்காத தொகை எதுவோ அதை மட்டும் போடுங்கள். உங்கள் நிலையில் 500 டாலருக்கு மேல் போக நான் சொல்லமாட்டேன். சாதாரண முதலீட்டுக் கணக்கில் வாங்குங்கள். அங்கே நஷ்டத்தை மூலதன ஆதாயத்தில் கழிக்கலாம், மூன்று வருடம் பின்னோக்கியும் கொண்டுபோகலாம். டி.எஃப்.எஸ்.ஏ.வில் நஷ்டத்தைக் கழிக்க வழியில்லை. கரைந்த தொகையை அந்தக் கணக்கில் மறுபடி போடும் வரம்பும் திரும்பக் கிடைக்காது. ஆர்டர் கொடுக்கும்போது விலை வரம்பு வைத்தே கொடுங்கள். விற்பனை மந்தமான இந்தப் பங்குகளில் சந்தை விலைக்குக் கொடுத்தால் 9 சென்ட் பங்கை 11 சென்டுக்கு வாங்கியிருப்பீர்கள்.