பேய்ப்படங்களும் பாண்டுகளும்: கேட்டியள், சொல்லுறன்

பேய்ப்படம், பாட்டுக்கோஷ்டி இரண்டையும் பற்றி விருப்பமானதைக் கேளுங்கோ என்று சொல்லியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறேன். எல்லாம் என் சொந்த ரசனை, மறுத்துப் பேச உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கேள்வி (கொக்குவில்): அண்ணை, தமிழில உங்களுக்கு ஆகப் பிடிச்ச பேய்ப்படம் எது? ஒண்டே ஒண்டு சொல்லுங்கோ.

பதில்: யாவரும் நலம். 2009இல் விக்ரம் குமார் எடுத்தது. புதிதாக வாங்கிய வீட்டுக்கு ஒரு குடும்பம் குடிவருகிறது. லிஃப்ற் மற்ற எல்லாருக்கும் வேலை செய்யும், மாதவன் தனியாக ஏறினால் அசையாது. வீட்டுக்குள் நின்று ஃபோனில் படம் எடுத்தால் அவருடைய முகம் மட்டும் கோணிப்போகும். பிறகு பகல் ஒரு மணி ரீவி நாடகத்தில் நடப்பதெல்லாம் அந்த வீட்டிலும் நடக்கத் தொடங்கும். மத்தியானம் சாப்பிட்ட கையோடு நாடகம் பார்க்க உட்காராத வீடு எங்கள் பக்கத்தில் குறைவு. பட்டப்பகலில், எல்லாரும் கூடியிருக்கும் விறாந்தையில் பயம் வருகிறது, அதுதான் இந்தப் படத்தின் கெட்டித்தனம்.

ஒன்றோடு நிறுத்த மனமில்லை. மிஷ்கினின் பிசாசு (2014) படத்தையும் பாருங்கோ. இசையமைப்பாளர் அரோல் கொரெல்லியின் வயலினுக்காகவே பார்க்கலாம்.

கேள்வி (சாவகச்சேரி): சந்திரமுகி, காஞ்சனா எல்லாம் உங்கட கணக்கில வராதோ?

பதில்: காஞ்சனாவில் சரத்குமார் நடித்த பகுதி எனக்கு மிகவும் பிடிக்கும். சந்திரமுகியைவிட அதன் மூலமான மலையாள மணிச்சித்திரத்தாழ் (1993) பல படி மேல். ஷோபனாவின் கண் மாறுகிற அந்தக் கட்டத்துக்குக் கிட்ட இன்னும் எவரும் வரவில்லை.

கேள்வி (பருத்தித்துறை): தம்பி, சண்டைக்காலத்தில நாங்கள் பயந்தது காணாதே? பிறகேன் காசு குடுத்துப் பயப்பிட வேணும்?

பதில்: அக்கா, இதைத்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறார்கள், ஆறுதலாகச் சொல்கிறேன். எங்கள் தலைமுறை பயத்தைக் காதால்தான் படித்தது. ஹெலிகொப்ரரா, குண்டு போடுகிற பொம்மரா, அவ்ரோ விமானமா என்று வானத்தை நிமிர்ந்து பாராமலே சின்னப்பிள்ளைகள் சொல்லுவார்கள். தூரத்தில் ஷெல் குத்துகிற, அதாவது ஏவுகிற, சத்தம் கேட்டால், அது விழுகிற சத்தம் வரும்வரை பங்கருக்குள் ஒருவரும் மூச்சு விடமாட்டோம். இடையில் இருந்த அந்த அமைதிதான் மிகப் பெரிய பயம். நல்ல பேய்ப்படம் எடுப்பவர்களுக்கு இந்த அமைதி தெரியும். அதைப் படத்தில் சந்திக்கும்போது, முடிந்தபின் எழும்பி வீட்டுக்குப் போகலாம் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். தியேட்டர் முழுக்க ஒன்றாகப் பயந்து, ஒன்றாக மூச்சு விடுகிறோமே, அதுவும் ஒரு ஆறுதல்தான். உங்கள் மனம் ஏற்காவிட்டால் பார்க்கவே வேண்டாம். திடீரென்று குண்டுபோல இடித்துத் திடுக்கிட வைக்கும் படங்கள் எனக்கும் ஆகாது. அதில் படைப்பும் குறைவு.

கேள்வி (சுன்னாகம்): அப்ப இடி முழக்கம் இல்லாமல் பயப்பிடுத்திற வெளிநாட்டுப் படங்கள் சொல்லுங்கோ.

பதில்: ஹாலோவீன் (1978). இயக்குநர் ஜோன் கார்பென்ரரே இசையும் போட்டார். பியானோவில் ஒரு சின்னச் சுரக்கோவை, ஐந்து எண்ணிக்கையில் திரும்பத் திரும்ப வரும். தவில், மிருதங்கம் பழகியவர்களுக்கு இது கண்டம், பழகின ஐந்தின் கணக்கு. நாலில் முடியும் என்று காத்திருக்கிற காதுக்கு அது எப்போதும் ஒரு அடி தள்ளியே வந்து விழும். வீட்டில் கையால் தாளம் போட்டபடி கேட்டுப் பாருங்கோ, ஏன் அமைதி கெடுகிறது என்று விளங்கும்.

சைக்கோ (1960) குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் இயக்குநர் ஹிட்ச்கொக் முதலில் நினைத்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் வெறும் தந்தி வாத்தியங்களை வைத்தே அதைச் செய்துகாட்டினார். அண்மைக் காலத்தில் என்றால் மலையாளப் பூதகாலம் (2022). தாயாக ரேவதி. ஒரு தாய், ஒரு மகன், ஒரு வீடு. இரவில், ஹெட்போன் போட்டுப் பாருங்கோ.

கேள்வி (திருநெல்வேலி, கம்பஸ் மாணவன்): பேய்ப்படத்துக்கும் றொக் பாண்டுகளுக்கும் ஏதும் தொடர்பு இருக்கோ?

பதில்: பெயரிலேயே இருக்கிறது தம்பி. இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில் நாலு பெடியள் வேறு பெயரில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். போரிஸ் கார்லொஃப் நடித்த ஒரு பேய்ப்படத்தின் பெயரை எடுத்துத்தான் பிளக் சபத் ஆனார்கள். முதல் இசைத்தட்டு வந்தது 1970 பெப்ரவரி 13, வெள்ளிக்கிழமை. மழைச் சத்தம், தேவாலய மணி, அதன்பிறகு அந்தக் கனத்த கிற்றார்.

அந்தக் கிற்றாருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. அந்தப் பாண்டின் கிற்றார்காரர் ரோனி அயோமி தகரத் தொழிற்சாலையில் வேலை செய்தபோது வலக்கையில் இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. அவர் இடக்கைக்காரர், தந்தியை அழுத்துவதே வலக்கை விரல்களால்தான். பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரல்களுக்குத் தொப்பி செய்து போட்டு, மெல்லிய தந்திகளைக் கட்டினார். பிற்பாடு சுருதியையும் இறக்கித் தந்திகளைத் தளர்த்திக்கொண்டார். ஹெவி மெற்றல் என்று இன்றைக்கு உலகம் கேட்கிற கனத்தில் அந்த விரல்களுக்குப் பெரிய பங்கு உண்டு. எனக்கு ஆகப் பிடித்த பாண்ட் எது என்று கேட்டவர்களுக்கும் பிளக் சபத் என்பதே பதில்.

இத்தாலியில் கொப்லின் என்ற பாண்ட் சஸ்பிரியா (1977) படத்துக்குப் போட்ட இசையையும் தேடிக் கேளுங்கோ.

கேள்வி (உரும்பிராய்): எங்கட ஆக்களின்ர பாட்டுகள் உங்களுக்குப் பெரிசாத் தெரியேல்லையோ?

பதில்: ஏன் தெரியாது! நித்தி கனகரத்தினத்தின் சின்ன மாமியே பாட்டைக் கேட்டுக் காலால் தாளம் போடாத ஆள் எங்கள் ஊரில் உண்டா? ஏ.ஈ. மனோகரனின் சுராங்கனி கடல் கடந்து தமிழ்நாட்டையும் ஆட வைத்தது. பரமேஸ், கோணேஸ் சகோதரர்களின் பாட்டுகளில் ஒரு மென்மை இருக்கும், அதைத்தான் நான் இன்றைக்கும் திரும்பத் திரும்பப் போடுகிறேன். பைலா என்ற துள்ளல் தாளத்தில் யாழ்ப்பாணப் பேச்சை அப்படியே வைத்துப் பாடலாம் என்று சின்ன மாமியே காட்டியது. சண்டை நடந்த தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் கரண்டும் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுத்த, டைனமோவில் றேடியோ பாடும். சுத்துகிறவன் களைத்தால் பாட்டும் இழுபடும். அப்படிக் கேட்ட பாட்டின் ஒவ்வொரு வாத்தியமும் மனதில் தனித்தனியாகப் பதிந்திருக்கிறது.

கேள்வி (மானிப்பாய்): நாலாம் வகுப்பு மகன் பேய்ப்படம் பாக்க வேணும் எண்டு நிக்கிறான். எதைக் காட்டலாம்?

பதில்: ஒன்றும் வேண்டாம் பிள்ளை. இன்னும் நாலைந்து வருடம் போகட்டும்.

கேள்வி (நல்லூர்): இப்ப உள்ள பாண்டுகளில எதைக் கேக்கிறியள்?

பதில்: பெங்களூரின் அகம் என்ற பாண்ட். கீர்த்தனையைக் கெடுக்காமல் றொக்குக்குள் கொண்டுவர அதன் பாடகர் ஹரிஷ் சிவராமகிருஷ்ணனால் முடிகிறது. கேரளத்துத் தைக்குடம் பிரிட்ஜ் பாண்டின் நவரசம் (2015) இசைத்தொகுப்பு. மலேசியா யோகி பி, நட்சத்திரா குழுவின் வல்லவன் (2006) இசைத்தொகுப்பு தமிழ் ராப்புக்கு ஒரு பெரிய வாசல். 2018இல் சென்னையில் மேடையேறிய, சாதிக்கு எதிராகப் பாடும் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் கானாவையும் பறையையும் கிற்றாருக்குச் சமனாக வைத்தது. அந்தக் கோபம் எங்கள் ஊர் மேடைகளுக்கும் தேவை.

கேள்வி (அளவெட்டி): நாங்கள் ஒரு பேய்க் குறும்படம் எடுக்கப்போறம். சிநேகிதப் பெடியளின்ர பாண்ட்தான் இசை. ஏதும் சொல்லுறியளோ?

பதில்: மனம் நிறைந்த சந்தோசம். முதலில், வெள்ளைக்காரப் பேயை வாடகைக்கு எடுக்காதேங்கோ. பிள்ளைப்பேற்று வீட்டைச் சுற்றுகிற கொத்தி இருக்கிறது, முனி இருக்கிறது, காடேறி இருக்கிறது. கொத்தியை வைத்து ஒரு நல்ல படம் வந்தால் அது எங்கள் பெண்கள் பிள்ளைப்பேற்றில் பட்ட பயத்தின் படமாகவே இருக்கும். உங்கள் அம்மம்மாமாரிடம் போய்க் கதை கேளுங்கோ.

இரண்டாவது, கமெராவுக்கு முன்னம் ஒரு நல்ல மைக் வாங்குங்கோ. இரவில் பனங்காணிக்குப் போய் காற்றில் காவோலை உரசுகிற சத்தத்தை எடுங்கோ. எங்கேயாவது துலாக்கிணறு மிஞ்சியிருந்தால் துலா முனகுவதை எடுங்கோ. கோயிலில் உடுக்கு அடிப்பவர் சம்மதித்தால் அவரையும் பதியுங்கோ. பாண்ட் பெடியளிடம் இந்தச் சத்தங்களைக் கொடுத்து, இவற்றுக்கு இடம் விட்டு வாசிக்கச் சொல்லுங்கோ. ட்ரம்ஸ் முழுப்படத்துக்கும் வேண்டாம், ஒரே ஒரு இடத்துக்கு வைத்திருங்கோ. வெட்டித் தொகுத்த முதல் பிரதியை எனக்கு அனுப்பினால், முதலில் திரையை மூடிவைத்துச் சத்தத்தை மட்டும் கேட்டு எழுதுகிறேன்.