மட்டக்களப்பில் இருந்துகொண்டு விமானத்துறையில் என்ன தொழில் தொடங்கலாம்?

கேட்டவர் எழுதியதன் சுருக்கம் இது: உலகம் முழுக்க விமானத்துறை வளருதாம், திமிலைதீவில் உள்ள மட்டக்களப்பு விமான நிலையமும் பெரிசாகுமாம், கையில் கொஞ்சம் முதல் இருக்கு, எதில் போடலாம்?

தம்பி, நீங்கள் கட்டாரிலோ டுபாயிலோ சில வருசம் நின்று உழைத்த காசோடு ஊருக்கு வந்திருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஓடுபாதைக்குப் பக்கத்தில் காணி வாங்கிப் போட்டால் என்ன என்ற யோசனையும் மனதில் ஓடும். அந்த யோசனையை முதலில் விடுங்கள்.

திமிலைதீவு ஓடுபாதை ஒன்றரைக் கிலோமீற்றர் அளவு. கொழும்புச் சர்வதேச விமான நிலையம் உள்ள கட்டுநாயக்காவில் 3,350 மீற்றர். ஏ330 போன்ற அகல உடல் விமானம் எரிபொருளும் சரக்குமாக நிறைந்து எழும்ப இரண்டரைக் கிலோமீற்றருக்கு மேல் கேட்கும். யாழ்ப்பாணத்துப் பலாலியில் 2019இல் தொடங்கிய சென்னைச் சேவைக்கும் ஏடிஆர் 72 என்ற சிறிய விமானம்தான் வந்தது. அது நல்ல விமானம். ஆனால் ஆட்களின் பயணப்பை ஏறின பிறகு சரக்குக்கு மிஞ்சும் இடம் மிகக் குறைவு. நம்ம ஊர் விமான நிலையம் வளர வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வளரட்டும். உங்கள் முதல் அதற்காகக் காத்துக் கிடக்கக் கூடாது, அவ்வளவுதான்.

தொழில் இருக்கிற இடம் பயணிகளின் காலுக்குக் கீழே. உலக வணிகத்தில் விமானம் சுமப்பது எடைக் கணக்கில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. பெறுமதிக் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு. அதில் ஏறத்தாழப் பாதிக்கு இடம் கொடுப்பது பயணிகள் விமானத்தின் வயிறு. 2020இல் பயணிகள் விமானங்கள் தரையில் நின்றபோது சரக்குக் கூலி ஏறினது இதனால்தான். ஆகவே சுற்றுலாப் பயணி கூடினால் உங்கள் பெட்டிக்கும் இடம் கூடும். நம்மிடம் அந்த இடத்துக்கு ஏற்ற பொருள் இருக்கு: வாவியில் பிடிபடும் பெரிய சேற்று நண்டு, உயிரோடு. சிங்கப்பூர்ச் சாப்பாட்டுக் கடைகளில் இலங்கை நண்டு என்ற பெயருக்கே தனி விலை. ‘இது மீன் வியாபாரம், விமானத்துறை இல்லை’ என்று சிலர் எழுதுவார்கள். விமானக் கூலி உங்கள் செலவில் ஒரு முக்கியமான பங்கு. அந்தக் கூலியைப் புரிந்துகொள்ளாதவர் இதில் நிற்க மாட்டார்.

நண்டு தெரிவதில் இருந்து தொடங்குவோம், ஏனென்றால் நட்டம் தொடங்குவதும் அங்கேதான். நண்டைப் புரட்டி, வயிற்றுப் பக்கம் நடக்கும் கால்கள் முளைக்கிற இடத்துக்குக் கிட்டப் பெருவிரலால் அமத்துங்கள். ஓடு கொஞ்சமும் வளையக் கூடாது. வளைந்தால் அது அண்மையில் ஓடு கழற்றின நண்டு. உள்ளே தசையைவிடத் தண்ணீர்தான் கூட. வழியில் முதலில் சாவதும் அதுதான். ஓடு புதுப் பளபளப்பாக இருந்து கொடுக்கின் பல்லும் கூராக இருந்தால் சந்தேகப்படுங்கள். ஓடு மங்கி, பல் தேய்ந்த நண்டுதான் சதை நிறைந்தது. சினை வெளியே தள்ளின பெண் நண்டை விலை மலிவென்று வாங்காதீர்கள். அது முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போய்க் குஞ்சு விட வேண்டியது. அதையும் பெட்டியில் அடைத்தால் சில வருசத்தில் வாவியில் பிடிக்க நண்டு இராது.

கொடுக்கு இரண்டையும் உடலோடு மடித்து மெல்லிய நூலால் கட்ட வேண்டும். இழுத்துப் பிடிக்கக் கூடாது. இழுத்தால் நண்டு தானே கொடுக்கைக் கழற்றி விட்டுவிடும், விலையும் அதோடு விழும். தடித்த ஈரக் கயிற்றால் கட்டினால் வாங்குகிறவர் கயிற்று எடையைக் கழிப்பார். கட்டின நண்டை ஒரு இரவு தீனி இல்லாமல் வையுங்கள், குடல் வெறுமையாகட்டும். மறுகா வாவித் தண்ணீரிலோ கடல் தண்ணீரிலோ சேறு போகக் கழுவுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் வேண்டாம்.

நண்டு செவுளால் மூச்சு விடுகிற பிராணி. செவுள் ஈரமாக இருக்கும் வரை காற்றில் இருந்தே பிராணவாயுவை எடுக்கும். அதனால் பெட்டிக்குள் நண்டைக் கொல்வது பெரும்பாலும் நான்கு காரியம்: காற்றுப் பட்டுச் செவுள் காய்வது, சூடு, நேரே ஐஸ் படுவது, அடியில் தண்ணீர் தேங்குவது. கடைசியைப் பலர் நம்ப மாட்டார்கள். இரண்டு விரல் உயரம் தேங்கின தண்ணீரில் பிராணவாயு சீக்கிரம் தீர்ந்துவிடும், கீழ்த்தட்டு நண்டு அதிலேயே மூச்சடைத்துச் சாகும்.

பெட்டி கட்டும் விதம் இது. ரெஜிபோம் பெட்டியின் அடியில் ஈரம் உறிஞ்சும் விரிப்பு. அதன் மேல் பிழிந்த ஈரச் சாக்கு. நண்டை வயிறு கீழே, கண் மேலே பார்க்க நெருக்கமாக அடுக்குங்கள், அசைய இடம் விட வேண்டாம். தட்டுக்குத் தட்டு ஈரச் சாக்கு. காற்றுத் துளை பக்கச் சுவரின் மேல் பாதியில், விரல் தடிப்பில். அடியில் ஒரு துளையும் கூடாது. விமானக் கம்பனிக்காரர் கசிவுக்கு அப்படிப் பயப்படுவது சும்மா இல்லை, உப்புத் தண்ணீர் விமானத்தின் அலுமினியத்தை அரிக்கும். குளிருக்கு உறைய வைத்த ஜெல் பொதி ஒன்றைப் பத்திரிகைத் தாளில் சுற்றி மூடியின் உட்புறம் ஒட்டுங்கள், குளிர் கீழே இறங்கும். 20 பாகையை ஒட்டின குளிர் போதும். உலர் ஐஸ் போடவே வேண்டாம். அது விடும் கரியமில வாயு உயிரைக் கொல்லும், சரக்குச் சட்டத்திலும் அது ஆபத்தான பொருள் வகை.

வழி வாழைச்சேனை, வெலிக்கந்தை, பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல், அங்கிருந்து கட்டுநாயக்கா. முந்நூறு கிலோமீற்றரைத் தொடும் தூரம், லொறிக்கு எட்டு மணித்தியாலம் கணக்கு வையுங்கள். இரவில்தான் போக வேண்டும். ஹபரணைப் பக்கம் யானை நின்றால் அந்த நேரத்தையும் கணக்கில் சேருங்கள். திறந்த லொறியில் படங்கு கட்டாமல் போனால் காற்றே பாதி நண்டைக் காயவைத்துவிடும்.

கட்டுநாயக்காவில் உங்கள் பெட்டிக்கு இரண்டு எடை உண்டு. தராசு காட்டும் எடை ஒன்று. நீளம், அகலம், உயரம் சென்ரிமீற்றரில் பெருக்கி 6,000ஆல் பிரித்து வருவது மற்றது. எது கூடவோ அதற்குத்தான் கூலி. 60க்கு 40க்கு 30 பெட்டி என்றால் 72,000, பிரித்தால் 12 கிலோ. அதற்குள் 20 கிலோ நண்டும் ஒன்றரைக் கிலோ பெட்டி, சாக்கும் இருந்தால் இருபத்தொன்றரைக் கிலோவுக்குக் கட்டுவீர்கள், நியாயம். எட்டுக் கிலோ நண்டை மட்டும் வைத்தால் இரண்டரைக் கிலோ வெறுங்காற்றுக்குக் கூலி கட்டுகிறீர்கள்.

பாரம் 45, 100, 300, 500 கிலோவைத் தொடத் தொட ஒரு கிலோவுக்கான கூலி படிப்படியாகக் குறையும். கணக்குக்காகச் சொல்கிறேன்: 45 கிலோப் படியில் கிலோ 4 டொலர், 100 கிலோப் படியில் 3.30 என்று வையுங்கள். நான்கு பெட்டி 86 கிலோ. அப்படியே கட்டினால் 344 டொலர். 100 கிலோ என்று கட்டினால் 330. பாரம் குறைவாக இருந்தும் மேல் படிக்குக் கட்டுவது மலிவு. கேட்டால் செய்வார்கள், கேட்காவிட்டால் எல்லாக் கார்கோ ஏஜென்டும் சொல்லித் தர மாட்டார்கள்.

கையில் வரும் விமானச் சரக்குச் சீட்டில் பதினொரு இலக்கம் இருக்கும். முதல் மூன்றும் விமானக் கம்பனி: ஸ்ரீலங்கனுக்கு 603, சிங்கப்பூர் எயார்லைன்ஸுக்கு 618. மிச்ச எட்டில் கடைசி இலக்கம் சரிபார்ப்பு. அதற்கு முன்னுள்ள ஏழு இலக்கத்தையும் ஒரே எண்ணாக எடுத்து ஏழால் பிரித்தால் வரும் மிச்சமே அது. 1234567ஐப் பிரித்தால் மிச்சம் 5, ஆகவே 12345675. இலக்கம் ஒன்று மாறி எழுதப்பட்டால் இந்தக் கணக்கு பெரும்பாலும் காட்டிக் கொடுத்துவிடும். ஏஜென்ட் அனுப்பும் இலக்கத்தை வாங்குகிறவருக்குக் கொடுக்க முன் பார்த்துவிடுங்கள்.

இந்தச் சீட்டு கப்பல் சரக்குச் சீட்டைப் போல உரிமைப் பத்திரம் இல்லை. இதில் புதியவர்கள் முதல் சரக்கிலேயே அடிபடுகிறார்கள். பெறுநர் என்று பெயர் போட்டவர் மூலப் பத்திரம் காட்டாமலே பெட்டியை எடுத்துக்கொண்டு போகலாம். வங்கியில் பத்திரம் கிடக்கிறது, காசு கட்டித்தானே எடுக்க வேண்டும் என்று நம்பியிருக்க வேண்டாம். பாதியாவது முன்பணமாக வாங்காமல் பெட்டி கட்டாதீர்கள். செத்த நண்டுக்குக் கழிவு எவ்வளவு, எத்தனை மணித்தியாலத்துக்குள் தராசில் வைத்து வீடியோ அனுப்ப வேண்டும் என்பதையும் எழுத்தில் பேசுங்கள். சேதத்துக்கு விமானக் கம்பனியிடம் எழுத்தில் முறையிட மொன்றியல் உடன்படிக்கைப்படி 14 நாள் உண்டு. ஆனால் பொருளின் இயல்பாலேயே வந்த கேடு என்றால் கம்பனிக்குப் பொறுப்பு இல்லை. உயிருள்ள சரக்கில் முதல் பதில் அதுவாகத்தான் வரும்.

பத்திர வேலையைச் சுருக்கமாகச் சொன்னால்: பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு, வரி இலக்கம், சுங்கப் பதிவு, கடற்றொழில் திணைக்களத்தின் ஏற்றுமதி அனுமதியும் சுகாதாரச் சான்றிதழும். வரிசை தவறினால் திரும்பத் திரும்ப அலைய வேண்டி வரும்.

பருவத்தையும் பாருங்கள். விமான நேர அட்டவணை ஒக்டோபர் கடைசி ஞாயிறும் மார்ச் கடைசி ஞாயிறும் மாறும். மாரிக்காலத்தில் சுற்றுலா விமானம் கூடி இடம் கூடும். அதே காலத்தில்தான் நமக்கு மழை, முகத்துவாரம் வெட்டினால் வாவியின் உப்பு மாறும், பிடிபாடும் மாறும். சீனப் புதுவருசத்துக்கு முன் நண்டு விலையும் ஏறும், விமானத்தில் இடமும் இறுகும். அந்த வாரங்களுக்கு இடத்தை முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும்.

கேட்காததையும் ஒன்று சொல்லியாக வேண்டும். விமான நிலைய வேலை என்று சொல்லி ஆறு மாத டிப்ளோமா விற்கிறார்கள், தாய்மார் நகையை அடகு வைத்துப் பிள்ளையை அனுப்புகிறார்கள். நெஞ்சு எரியுது. உலகத்துக்கு ஆள் தட்டுப்பாடு உள்ளது விமானத் திருத்துநர் பக்கம். அதற்கு உரிமம் வேண்டும். ஐரோப்பிய விதியில் ஜெட் போன்ற டர்பைன் விமானங்களைத் திருத்தும் பி1 உரிமத்துக்கு ஒவ்வொரு பாடத்திலும் 75 புள்ளி, அங்கீகாரம் பெற்ற அடிப்படைப் பயிற்சி முடித்தவருக்கும் மேலே இரண்டு வருசம் கைவேலை அனுபவம். காசு கட்ட முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: சிவில் விமான சேவைகள் அதிகார சபை உங்களுக்குத் தந்த பயிற்சி நிறுவன அங்கீகாரத்தைக் காட்டுங்கள். காட்டாவிட்டால் எழும்பி வாருங்கள்.

நண்டுக்கு வருவோம். ஒரு விமானத்துக்கும் காசு கட்ட முன் ஒரு பெட்டி கட்டுங்கள். பின்னேரம் நான்கு மணிக்கு மூடி, இரவு பஸ்ஸில் கொழும்புக்கு அனுப்பி, அதே பெட்டியைத் திறக்காமல் திருப்பி எடுப்பியுங்கள். லொறி எட்டு, சரக்குக் கூடம் ஆறு, பறப்பு நான்கு, அங்கே சுங்கம் மூன்று, ஆக இருபத்தொரு மணித்தியாலம். தாமதத்துக்கும் சேர்த்து முப்பத்தாறு என்று வையுங்கள். முப்பத்தாறாவது மணித்தியாலத்தில் திறந்து, கண்ணைத் தொட்டுப் பாருங்கள். இழுத்துக்கொண்டால் உயிர். செத்தது எத்தனை, அது எந்தத் தட்டில், மொத்த எடை எவ்வளவு குறைந்தது என்று கொப்பியில் எழுதுங்கள். கீழ்த்தட்டில் செத்தால் தண்ணீர், மேல்தட்டில் செத்தால் ஐஸ் அல்லது காற்று. மூன்று முறை இப்படிச் செய்து, இருபது நண்டில் ஒன்றுக்கு மேல் சாகாத நிலை வந்த பிறகு எனக்கு இங்கே எழுதுங்கள். ஏஜென்டிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று அப்போது விரிவாகச் சொல்கிறேன்.