எட்டு ஏக்கருக்கு எந்த டிராக்டர்? கீழ் பர்மா வயலுக்கான கேள்வி பதில்

பெகு, தட்டோன், துவான்டே பக்கத்து விவசாயிகள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி (பெகு): அண்ணே, 8 ஏக்கர் நெல், அறுத்த பிறகு உளுந்து. 45 குதிரைசக்தி வண்டி வாங்கலாமா?

வாங்குவதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள் தம்பி. 5 அடி ரொட்டவேட்டர் (சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் கருவி) மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால், திருப்பமும் மூலையும் போக மணிக்கு முக்கால் ஏக்கர் முடியும். உங்கள் நிலத்துக்கு ஒரு சால், அதாவது முழுவதும் ஒருமுறை ஓட்ட, சுமார் 11 மணி நேரம். நெல்லுக்கு மூன்று சால், உளுந்துக்கு ஒன்று. ஆக வருஷத்துக்கு 44 மணி. மீதி நாளெல்லாம் வண்டி கொட்டகையில் நிற்கும், தவணை மட்டும் நிற்காது. சொந்த வேலைக்கு மட்டும் என்றால் பின்னால் நடந்து ஓட்டும் 12-15 குதிரைசக்தி கை டிராக்டர் போதும். டிரெய்லர் மாட்டினால் மூட்டையும் ஏற்றலாம். பக்கத்து வயல்களுக்கு வாடகைக்கு ஓட்ட ஆளும் வேலையும் கையில் இருந்தால் மட்டும் நாலு சக்கர வண்டியை நினையுங்கள். அப்போதும் 45 வேண்டாம்.

கேள்வி (துவான்டே): ஏன் 45 வேண்டாம் என்கிறீர்கள்? சக்தி கூட இருந்தால் நல்லதுதானே?

சேற்றில் முதலில் பார்க்க வேண்டியது எடை, சக்தி அப்புறம். 45-50 குதிரைசக்தி வண்டிகளில் பல 1.8 டன்னுக்கு மேல் இருக்கும். 30-35 சக்தியில் நாலு சக்கரமும் இழுக்கும் இலகு ரக வண்டி 1.1-1.2 டன் அளவில் நிற்கும். நெல் வயலில் சேற்றுக்கடியில் கெட்டித் தட்டு ஒன்று இருக்கிறது. வண்டியையும் தண்ணீரையும் தாங்குவது அதுதான். கனமான வண்டி அதை உடைத்துவிட்டால் தண்ணீர் இறங்கிவிடும், அடுத்த வருஷம் அதே இடத்தில் வண்டியும் இறங்கும்.

வாங்கப் போகுமுன் மழை நன்றாகப் பிடித்த பிறகு வயலில் பத்து இடத்தில் இரும்புக் கம்பியை ஊன்றிப் பாருங்கள். 6-8 அங்குலத்தில் தட்டினால் கவலையில்லை. 14 அங்குலம் வரை சர்ரென்று இறங்கினால், வண்டியின் வயிறு சேற்றில் உட்காரும் ஆழம் அது. அங்கே கை டிராக்டருக்குத்தான் வேலை.

கேள்வி (தட்டோன்): எந்தக் கருவியை முதலில் வாங்குவது ஐயா?

ரொட்டவேட்டர். அடுத்து கேஜ் வீல் (சேற்றுக்கான இரும்புக் கூண்டுச் சக்கரம்), வயலைச் சமப்படுத்தும் பரம்பு. டிஸ்க் கலப்பையைத் தேவைப்படும்போது வாடகைக்கு எடுங்கள். ரொட்டவேட்டரின் அகலம் பின் டயர்களின் வெளி விளிம்பை மூட வேண்டும். குறுகலாக இருந்தால் டயர் தடம் வயலில் அப்படியே நிற்கும். அதற்காக அகலத்தை ஏற்றவும் கூடாது. இன்ஜின் சக்தியில் 80-85 சதவீதம்தான் பி.டி.ஓ.வுக்கு (கருவியைச் சுழற்றும் பின்பக்கத் தண்டு) வரும். 34 சக்தி வண்டிக்கு நாலரை, மிஞ்சினால் 5 அடி. 6 அடி மாட்டினால் இன்ஜின் திணறும், ஓட்டுபவர் வேகத்தைக் குறைப்பார், டீசல் கூடும். கத்தியில் இரண்டு ரகம்: வைக்கோல் நிறைய கிடந்தால் எல் வடிவம், கனமான ஈரக் களிக்கு சி வடிவம்.

கேள்வி (பெகு): புது ரொட்டவேட்டர், இரண்டாம் பருவத்திலேயே பக்கவாட்டு பேரிங் போய்விட்டது. ஏன்?

பேரிங் தானாகப் போவதில்லை. முதலில் போனது சீல், அதாவது எண்ணெயை உள்ளேயும் சேற்றை வெளியேயும் நிறுத்தும் அடைப்பு வளையம். வைக்கோலும் நைலான் கயிறும் சாக்கு நூலும் தண்டின் முனையில் சுற்றி, சீலுக்கு அடியில் புகுந்து அறுத்துவிடும். எண்ணெய் வெளியேறும், சேறு உள்ளே போகும், பேரிங் அரைபடும். தினமும் சாயங்காலம் கழுவி, சுற்றியதைக் கத்தியால் அறுத்து எடுங்கள். வாரம் ஒருமுறை எண்ணெய் மட்டத்தைப் பாருங்கள். புதுக் கத்தி மாட்டிய 2-3 மணி நேரத்தில் போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள். வலக் கத்தியும் இடக் கத்தியும் மாறினால் மண்ணை ஒரு பக்கமே தள்ளும், நடுக்கமும் வரும்.

கேள்வி (பெயர் சொல்லாதவர்): வரப்போரம் திருப்பும்போது தடதடவென்று சத்தம்?

கருவியைத் தூக்கும்போது பி.டி.ஓ. தண்டின் கோணம் கூடி கிராஸ் (தண்டின் சிலுவை மூட்டு) அடிபடுகிறது. தூக்குமுன் பி.டி.ஓ.வை நிறுத்துங்கள், அல்லது தூக்கும் உயரத்துக்கு வரம்பு வையுங்கள். தண்டின் நீளம் சரியா என்றும் பாருங்கள். அதிகமாக ஒடுங்கும் நிலையிலும் முட்டாமல் ஓர் அங்குலம் இடைவெளி இருக்க வேண்டும்.

கேள்வி (முடோன், அக்கா ஒருவர்): ரப்பர் வரிசைகளுக்கு நடுவே களை. ரொட்டவேட்டர் விடலாமா தம்பி?

வேண்டாம் அக்கா. ரப்பரின் உணவு வேர்கள் மேல்மண்ணில்தான் பரவி இருக்கும், கத்தி அதையே வெட்டும். பி.டி.ஓ.வில் ஓடும் புல்வெட்டி போதும். மரத்திலிருந்து 3-4 அடி தள்ளி ஓட்டச் சொல்லுங்கள், அடியைக் கையால் சீவுங்கள். மேட்டுச் சரிவில் குறுக்கே ஓட்டாமல் மேலும் கீழுமாக ஓட்டுவது பத்திரம்.

கேள்வி (துவான்டே): வண்டி புதைந்துவிட்டால் சக்கரத்தில் கட்டை கட்டி ஓட்டுகிறார்களே?

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கட்டை மண்ணில் பிடித்து சக்கரம் சுழல முடியாமல் நின்றால், அச்சைச் சுற்றி வண்டியே முன்பக்கம் தூக்கிப் பின்னால் கவிழும். ஓட்டுபவர் குதிக்க நேரமிருக்காது. சக்கரத்துக்குப் பின்னால் தோண்டி, கருவியைக் கழற்றி, வந்த தடத்திலேயே பின்வாங்குங்கள். இன்னொரு வண்டி இழுத்தால் கயிறு கீழ் இழுவைக் கம்பியில் மட்டும். கருவியை மேலே பிடிக்கும் மேல் இணைப்பில் ஒருபோதும் கட்டாதீர்கள்.

கேள்வி (தட்டோன்): உளுந்துக்கு எப்போது ஓட்டுவது?

நவம்பர்-டிசம்பரில் அறுத்ததும் ஈரம் போகுமுன். ஒரு பிடி மண்ணை உருட்டி இடுப்புயரத்திலிருந்து போடுங்கள். உதிர்ந்தால் ஓட்டலாம். அப்படியே அப்பிக்கொண்டால் இரண்டு நாள் பொறுங்கள், இல்லாவிட்டால் கட்டி செங்கல்லாகும். ஆழம் 2-3 அங்குலம் போதும். அதற்கு மேல் போனால் அடி ஈரமும் பறக்கும்.

கேள்வி (பெகு): ஜப்பானில் ஓடிய பழைய சிறு வண்டி எடுக்கலாமா?

எடுக்கலாம். ஆனால் உங்கள் கருவி அதில் மாட்டுமா என்று முதலில் பாருங்கள். கருவியை மாட்டும் கீழ் இணைப்பு ஊசி (பின்) 22 மில்லிமீட்டர் தடிமன் என்றால் இங்கே விற்கும் கருவி சேரும், 16 என்றால் சேராது. பி.டி.ஓ.வுக்கு மூன்று நான்கு வேகம் இருக்கும். முதல் வேகம்தான் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 540 சுற்றை ஒட்டியது, அதிலேயே ஓட்டுங்கள். முன் அச்சின் இரு முனையிலும் எண்ணெய் கசிகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். சேற்றில் ஓடிய வண்டிக்கு அந்த சீல்தான் முதல் செலவு.