லோமுவை விடுங்கள், கரேலினை எடுங்கள்

தம்பி, டர்பன் தமிழ் வகுப்புப் பட்டிமன்றத்தில் "உடல் வலுவால் தன் விளையாட்டையே ஆண்டவர் யார்?" என்று பேச வேண்டும், நியூசிலாந்து ரக்பி வீரர் ஜோனா லோமுவை எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம்.

லோமு எனக்கும் உயிர். 1995 உலகக் கோப்பை அரையிறுதியில், நம்ம கேப் டவுன் நியூலேண்ட்ஸில், இங்கிலாந்துக்கு எதிராக நாலு ட்ரை (பந்தை எதிரணிக் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) போட்டார். இங்கிலாந்து வீரர் மைக் கேட் என்பவரை மிதித்துக்கொண்டே கோட்டைத் தாண்டியதை மாமா வீட்டு டிவியில் பார்த்தேன். கையிலிருந்த டீ ஆறிப்போனது. ஆனால் ஆறே நாளில், ஜோகன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க் மைதானத்து இறுதியாட்டத்தில், நம் தென்னாப்பிரிக்கப் பையன்கள் அவரை ஒரு ட்ரைகூடப் போட விடவில்லை. எதிரணி இதை வைத்தே மடக்கிவிடும். தவிர, ஓரத்தில் ஓடுகிற மற்றவர்களைவிட அவர் எவ்வளவோ கனம்.

ரஷ்ய மல்யுத்த வீரர் அலெக்ஸாண்டர் கரேலினுக்கு அந்தச் சலுகை கிடையாது. எதிரே நின்றவர்களும் 130 கிலோ பிரிவுக்காரர்கள்தான். தூக்கிவிடக்கூடாதென்று பாயோடு ஒட்டிக் குப்புறப் படுப்பார்கள். அவர் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டி, அப்படியே பெயர்த்தெடுத்துத் தலைக்குமேல் வீசுவார். இதை மேடையில் கையால் நடித்தே காட்டுங்கள். 1988, 1992, 1996 மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம். 13 ஆண்டுகள் தோல்வியே இல்லை.

2000 சிட்னியில் ரூலன் கார்ட்னரிடம் தோற்றாரே என்பார்கள். தோற்றது 1-0, அதுவும் பிடி நழுவியதால் போன ஒரு புள்ளி. அவரை யாரும் தூக்கிப் போடவில்லை என்று சொல்லுங்கள்.